எஸ். பியர்சன் குத்தகை நிறுவனம்



ஒரு பாலமோ அணையோ துறைமுகமோ கட்டி முடிக்கப்பட்டதும் திறப்பு விழா நடக்கிறது. திறந்து வைத்தவரின் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கிறார்கள். திட்டம் வகுத்த பொறியியலாளரின் பெயர் நூல்களில் இடம் பெறுகிறது. ஆளும் இயந்திரமும் திரட்டி, கூலி கொடுத்து, லாபமோ நஷ்டமோ தன் தலைமேல் போட்டுக்கொண்டு வேலையை முடித்துக் கொடுத்த குத்தகை நிறுவனத்தின் பெயர் சில ஆண்டுகளில் மங்கிப் போகிறது. அந்த நிறுவனத்தின் கீழ் மண் வெட்டிச் சுமந்தவனின் பெயரோ பெரும்பாலும் எங்கும் எழுதப்படுவதில்லை. இன்று நாம் அத்தகைய நிறுவனம் ஒன்றின் வரலாற்றைப் பார்க்கப் போகிறோம். 'எஸ். பியர்சன் அண்ட் சன்' என்பது அதன் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உலகிலேயே மிகப் பெரிய குத்தகை நிறுவனங்களுள் ஒன்றாக அது விளங்கியது.

இங்கிலாந்தின் வட பகுதியில் யார்க்‌ஷயர் என்னும் வட்டாரம் உண்டு. அங்கே ஹட்டர்ஸ்ஃபீல்டு என்ற ஆலை நகரில், 1844-ஆம் ஆண்டு சாமுவேல் பியர்சன் என்பவர் இந்தத் தொழிலைத் தொடங்கினார். முதலில் சிறிய கட்டட வேலைகள்தாம். பிறகு செங்கல் சூளை, வடிகால் குழாய்கள் என்று தொழில் வளர்ந்தது. கம்பளி ஆலைகள் பெருகி, ஊர்கள் வீங்கிக்கொண்டிருந்த காலம் அது. சாக்கடை வெட்டவும் குழாய் பதிக்கவும் ஆள் தேவைப்பட்டது. ஆகவே வேலைக்குப் பஞ்சமில்லை.

நிறுவனத்தை நாடு கடந்து கொண்டுபோனவர் சாமுவேலின் பேரன் வீட்மன் பியர்சன். 1856-இல் பிறந்த அவர் பதினாறு வயதிலேயே தொழிலில் சேர்ந்து, 1879-இல் பங்காளியானார். 1884-இல் தலைமை அலுவலகத்தை லண்டனுக்கு மாற்றினார்.

குத்தகைத் தொழில் நடக்கும் விதத்தை இங்கே சற்றுச் சொல்லிவிடுவது நல்லது. ஓர் அரசாங்கமோ ரயில்வே கம்பெனியோ வேலையை அறிவிக்கும். குத்தகையாளர்கள் இன்ன விலைக்கு முடித்துத் தருகிறோம் என்று எழுதிக் கொடுப்பார்கள். விலை படிந்ததும் நிறுவனம் தன் ஏஜெண்டு ஒருவரை வேலைத்தளத்துக்கு அனுப்பும். அவருக்குக் கீழே பொறியியலாளர்கள், அவர்களுக்குக் கீழே 'கேங்கர்' எனப்படும் கூட்டத் தலைவர்கள், கடைசியில் கூலியாட்கள். நம் பாட்டனார் காலத்துக் கங்காணிக்கும் இந்தக் கேங்கருக்கும் ஒற்றுமைகள் பல உண்டு. எதிர்பாராமல் பாறை குறுக்கிட்டாலும், வெள்ளம் புகுந்தாலும், காய்ச்சல் பரவி ஆட்கள் விழுந்தாலும், ஒப்பிய விலை பெரும்பாலும் மாறாது. ஆகவே, எங்கே செலவைக் குறைப்பது என்ற கேள்வி குத்தகையாளரின் மனத்தில் எந்நேரமும் இருந்துகொண்டே இருக்கும். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே கூலியாளின் உயிர் நிற்கும் அல்லது போகும். பியர்சன் நிறுவனத்தின் கதையில் இதைக் கண்கூடாகக் காணலாம்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரை ஒட்டி ஹட்சன் என்னும் அகன்ற ஆறு ஓடுகிறது. அதன் அடியில் ரயில் பாதை அமைக்க 1874-இல் ஒரு கம்பெனி சுரங்கம் தோண்டத் தொடங்கியது. ஆற்றின் அடியோ வெறும் சேறு. தோண்டத் தோண்டத் தண்ணீரும் சேறும் உள்ளே பாயும். இதைத் தடுக்க ஒரு வழி கண்டிருந்தார்கள். சுரங்கத்தை அடைத்து, இயந்திரத்தால் உள்ளே காற்றை அழுத்தி ஏற்றினால், அந்தக் காற்றே சேற்றைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். ஆட்கள் அந்த அழுத்தக் காற்றுக்குள்ளேயே நின்று மண் வெட்டுவார்கள். உள்ளே போகவும் வெளியே வரவும் இரண்டு கதவுகள் கொண்ட ஓர் இரும்பு அறை இருக்கும். ஒரு கதவை மூடிய பிறகே மறு கதவு திறக்கும்.

இதில் இரண்டு ஆபத்துகள் இருந்தன. ஒன்று, மேலே உள்ள சேறு கிழிந்து காற்று பீறிட்டுக்கொண்டு வெளியேறினால், தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். 1880-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அப்படித்தான் நேர்ந்தது. இருபது தொழிலாளர்கள் ஒரே நாளில் மாண்டார்கள்.

மற்றது கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. சோடாப் புட்டியைத் திறக்கும்போது என்ன நடக்கிறது? மூடியிருக்கும் வரை தண்ணீர் தெளிவாக இருக்கிறது. திறந்தவுடன் குமிழிகள் பொங்குகின்றன. அழுத்தக் காற்றில் பல மணி நேரம் இருந்த மனிதனின் இரத்தத்திலும் சதையிலும் காற்றிலுள்ள நைட்ரஜன் கரைந்துவிடுகிறது. அவன் விரைவாக வெளியே வந்தால் அது உடலுக்குள்ளேயே குமிழிகளாகப் பொங்குகிறது. மூட்டுகளில் தாங்க முடியாத வலி. சிலருக்குக் கை கால் விளங்காமல் போகும். சிலர் வீடு போய்ச் சேருமுன்பே இறப்பார்கள். வலியால் உடலை வளைத்துக்கொண்டு நடந்ததால் தொழிலாளர்கள் இதற்குப் 'பெண்ட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள், 'வளைவு' என்று பொருள். அதே நியூயார்க்கில் 1870-களில் புரூக்ளின் பாலத்துக்கு அடித்தளம் போட்டபோது, தலைமைப் பொறியியலாளரான வாஷிங்டன் ரோப்ளிங்கையே இந்த நோய் படுக்கையில் தள்ளியது. பொறியியலாளரின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவருடன் விழுந்த கூலியாட்களை எண்ணிக்கையாகவே அறிகிறோம்.

பணமின்றி நின்றுபோயிருந்த ஹட்சன் சுரங்க வேலையை 1889-இல் பியர்சன் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அங்கே பொறுப்பாளராகப் போனவர் எர்னஸ்ட் மோய்ர் என்ற இளம் பொறியியலாளர். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தில் வேலை செய்த அனுபவம் அவருக்கு இருந்தது. அவர் அங்கு சென்றதும் கவனித்த கணக்கு இது: சுரங்கத்தில் நாற்பத்தைந்து முதல் ஐம்பது பேர் வேலை செய்கிறார்கள், மாதத்துக்கு ஒருவர் இறக்கிறார். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு 25 பேர். நேயர்களே, ஒரு லயத்தில் நாற்பது பேர் குடியிருந்தால், அடுத்த தீபாவளிக்குள் அவர்களில் பத்துப் பேர் இருக்க மாட்டார்கள் என்பதைப் போன்றது இது. இருந்தும் ஆட்கள் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

மோய்ர் என்ன செய்தார்? நீராவிக் கொதிகலனைப் போன்ற ஓர் இரும்பு உருளையை வரவழைத்து, சுரங்க வாயிலின் பக்கத்தில் மேலே நிறுத்தினார். வலி கண்டவனையோ மயங்கியவனையோ உடனே அதற்குள் கொண்டுபோய்க் கிடத்தி, கதவை மூடி, மறுபடியும் காற்றை ஏற்றுவார்கள். வேலைத்தளத்தில் இருந்த அழுத்தத்தில் பாதியோ மூன்றில் இரண்டு பங்கோ வரும் வரை ஏற்றுவார்கள். உடலில் பொங்கிய குமிழிகள் மீண்டும் சுருங்கிக் கரையும், வலி நிற்கும். பிறகு மிக மெதுவாக, அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு காற்றை இறக்குவார்கள். தூக்கிக்கொண்டு வரப்பட்டவன் நடந்தே வெளியே போவான். அடுத்த பதினைந்து மாதங்களில், 120 பேர் வேலை செய்த இடத்தில் இறந்தவர்கள் இரண்டே பேர்.

இது மோய்ரின் மூளையில் புதிதாக உதித்த யோசனை என்று கூற முடியாது. மீண்டும் அழுத்தத்துக்குள் கொண்டுபோனால் வலி தீரும் என்பதை 1854-லேயே பிரெஞ்சு மருத்துவர்கள் இருவர் சுட்டிக்காட்டியிருந்தார்கள். காரணம் நைட்ரஜன் என்பதை பால் பெர்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் 1878-இல் சோதனை செய்து எழுதினார். விஷயம் நூல்களில் இருந்தது. ஓர் இரும்பு உருளை வாங்கி வேலைத்தளத்தில் வைக்கத்தான் இத்தனை ஆண்டுகள் ஆயின. அந்த உருளையின் விலை, அப்போது இயங்கிக்கொண்டிருந்த இயந்திரங்களின் விலையோடு ஒப்பிட்டால் அற்பமானது என்பதை நாம் மறக்கக்கூடாது. மோய்ர் இரக்கத்தால் செய்தாரா, ஆள் பஞ்சம் வந்துவிடும் என்ற கணக்கால் செய்தாரா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் இருந்திருக்கலாம். அந்தச் சுரங்க வேலை பணம் இல்லாமல் 1891-இல் மறுபடியும் நின்றுபோனது. வேறு நிறுவனத்தார் முடித்து, 1908-இல்தான் அதில் ரயில் ஓடியது. சுரங்கம் முடியாமல் போனாலும், இரும்பு உருளை மற்ற வேலைத்தளங்களுக்குப் பரவியது.

அடுத்து லண்டன். தேம்ஸ் நதியின் அடியில் பிளாக்வால் சுரங்கப் பாதை. மேற்கு லண்டனில் வசதியுள்ளவர்கள் பாலங்களில் காசு கொடுக்காமல் ஆற்றைக் கடந்தார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் நெருங்கி வாழ்ந்த கிழக்குப் பகுதிக்கும் அப்படியொரு வழி வேண்டும் என்பதற்காகத் திட்டமிட்டது அது. குத்தகைத் தொகை சுமார் 870,000 பவுன். மோய்ரே மேற்பார்வை. சுமார் 27 அடி குறுக்களவுள்ள இரும்புக் கேடயம் ஒன்றை முன்னே தள்ளிக்கொண்டு, அதன் பாதுகாப்பில் மண் வெட்டி, பின்னால் வார்ப்பிரும்பு வளையங்களைப் பூட்டிக்கொண்டே போனார்கள். ஓரிடத்தில் சுரங்கத்தின் தலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஐந்தாறு அடிச் சரளை மண்தான் இருந்தது. ஆகவே படகுகளிலிருந்து களிமண்ணைக் கொட்டி ஆற்றின் அடியைக் கனமாக்கினார்கள். அங்கே மருத்துவராக இருந்த டாக்டர் ஸ்னெல், சுரங்கத்துக்குள் நல்ல காற்று அதிகமாகச் செலுத்தப்பட்டால் நோய் குறைகிறது என்பதைக் கவனித்து 1896-இல் நூலாக வெளியிட்டார். இத்தனை கவனத்துக்கும் இடையே ஏழு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். வழியில் இருந்த வீடுகளை இடித்ததால் சுமார் 600 பேர் இடம் பெயர்ந்தார்கள். 1897 மே 22-ஆம் நாள் வேல்ஸ் இளவரசர் அதைத் திறந்து வைத்தார். இன்றும் வாகனங்கள் அதன் வழியே போகின்றன. ஆனால் காசில்லாப் பாதையாக 128 ஆண்டுகள் இருந்ததற்கு, 2025 ஏப்ரலிலிருந்து கட்டணம் வாங்குகிறார்கள்.

ஆற்றடிச் சுரங்கங்களில் பியர்சன் நிறுவனம் செய்த மிகக் கடினமான வேலை, 1904 முதல் 1909 வரை நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றின் அடியில் பென்சில்வேனியா ரயில்வேக்காகத் தோண்டிய நான்கு குழாய்ப் பாதைகள். ஒரே முகப்பில் கீழே பாறை, மேலே ஓடும் மணல். பாறைக்கு வெடி வைத்தால் மணல் குலையும், மணலைத் தாங்கக் காற்றை ஏற்றினால் அது மணல் வழியே ஆற்றில் கொப்பளித்து ஓடும். இந்த வேலையாட்களை 'சேண்ட்ஹாக்' என்பார்கள், மணல் பன்றி என்று பொருள். இழிவுக்கு வைத்த பெயரை அவர்களே பெருமையாக ஏற்றுக்கொண்டார்கள். இங்கே மருத்துவர் ஒருவர் நோய்க் கணக்கை ஒழுங்காகப் பதிவு செய்து 1909-இல் வெளியிட்டார். வேலை செய்தவர்கள் சுமார் பத்தாயிரம் பேர். அழுத்தக் காற்று நோய் கண்டது 3,692 தடவை. அதனால் இறந்தவர்கள் 20 பேர். ஹட்சனின் பழைய கணக்கோடு வைத்துப் பார்த்தால் பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த இருபது பேரின் மனைவி மக்களுக்கு இந்த ஒப்பீடு எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பது வேறு கேள்வி. அதே 1909-இல் நியூயார்க் மாநிலம் அழுத்தக் காற்று வேலைக்கென்று சட்டம் இயற்றியது. அதுவரை குத்தகையாளரின் விருப்பமாக இருந்தது, அதன் பிறகு கடமையாயிற்று.

இனி மெக்சிகோவுக்கு வருவோம். நிறுவனத்துக்குச் செல்வம் குவிந்தது அங்கேதான். மெக்சிகோ நகரம் ஏரிகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருப்பதால் அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கும். ஏரி நீரை வடிக்க ஏறக்குறைய 30 மைல் நீளத்துக்குப் பெருங்கால்வாய் வெட்டும் வேலையை 1889-இல் பியர்சன் எடுத்துக்கொண்டார். மிதக்கும் தூர்வாரிகளைக் கொண்டு வந்து கால்வாயை வெட்டினார்கள். 1900-இல் அதிபர் போர்ஃபிரியோ டியாஸ் திறந்து வைத்தார். வெள்ளம் குறைந்தது உண்மை. ஆனால் ஏரிகள் வற்றி, நிலத்தடி நீரையும் இறைத்துக்கொண்டே போனதால் நகரமே ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கியது. பிற்காலத்தில் கால்வாயின் சரிவு கெட்டுப்போய், பம்பு வைத்து நீரை ஏற்ற வேண்டிய நிலை வந்தது.

அதன் பின் வெராகுரூஸ் துறைமுகம். 1895-இல் தொடங்கி 1902-இல் முடிந்தது. மஞ்சள் காய்ச்சலுக்குப் பேர்போன ஊர் அது. குடிநீர்க் குழாயும் கழிவு நீர்க் கால்வாயும் அமைக்கும் வேலையையும் பியர்சன் நிறுவனமே செய்தது. காடு அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் நம் முன்னோர் மலேரியாவில் கொத்துக் கொத்தாக மடிந்ததும், 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்துக் காய்ச்சலை அடக்கியதும் நாம் அறிந்த செய்திகள். இங்கு நடந்ததும் அங்கு நடந்ததும் ஒரே காலத்தவை.

தெவான்தபெக் என்பது மெக்சிகோவின் ஒடுங்கிய இடுப்புப் பகுதி. ஒரு பக்கம் அட்லாண்டிக், மறு பக்கம் பசிபிக். குறுக்கே சுமார் 190 மைல் ரயில் பாதையைப் புதுப்பித்து, இரு முனைகளிலும் துறைமுகம் அமைத்து, 1907 ஜனவரியில் திறந்தார்கள். ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் விளைந்த சர்க்கரை கப்பலில் வந்து, இந்த ரயிலில் ஏறி, மறு கரையில் வேறு கப்பலுக்கு மாறி அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போயிற்று. தோட்டத்துச் சரக்கு எந்தெந்த வழியாகவெல்லாம் பயணம் செய்கிறது என்று பாருங்கள். ஏழு ஆண்டுகள்தாம். 1914 ஆகஸ்டில் பனாமாக் கால்வாய் திறந்ததும் அந்த ரயில் பாதையின் மதிப்பு சரிந்தது.

அதற்குள் வீட்மன் பியர்சனுக்கு எண்ணெய் கிடைத்துவிட்டது. 1901-இல் டெக்சஸ் எல்லையிலுள்ள லாரேடோ நகரில் ரயிலைத் தவறவிட்டு ஓர் இரவு தங்க நேர்ந்தது. ஊரெங்கும் அப்போது டெக்சஸில் கண்டுபிடிக்கப்பட்ட எண்ணெய்க் கிணற்றைப் பற்றியே பேச்சு. மெக்சிகோவில் எண்ணெய்க் கசிவு இருப்பதாகத் தம் ஆட்கள் முன்பு சொன்னது அவருக்கு நினைவுக்கு வந்தது. உடனே நிலம் வாங்கும்படி தந்தி கொடுத்தார். ஆண்டுகள் பல வீண் செலவு. 1908 ஜூலையில் டோஸ் போக்காஸ் என்னுமிடத்தில் கிணறு பீறிட்டுத் தீப்பற்றி ஏறக்குறைய இரண்டு மாதம் எரிந்தது. 1910 டிசம்பரில் பொத்ரேரோ டெல் யானோவில் கிடைத்த கிணறு, நாளுக்கு ஒரு லட்சம் பீப்பாய்க்கு மேல் கொட்டியது. அவருடைய எண்ணெய்க் கம்பெனி 'எல் ஆகிலா' எனப்பட்டது. 'கழுகு' என்று பொருள். அதன் இயக்குநர்களில் அதிபர் டியாஸின் மகனும் ஒருவர். பியர்சன் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் கோல்செஸ்டர் தொகுதி உறுப்பினர். மெக்சிகோவிலேயே அதிகம் இருந்ததால் 'மெக்சிகோ தொகுதி உறுப்பினர்' என்று கேலி செய்தார்கள். சலுகையும் குத்தகையும் எவ்வாறு கைமாறின என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1911-இல் புரட்சியில் டியாஸ் வீழ்ந்தார். கம்பெனி தப்பிப் பிழைத்தது. 1919-இல் அதன் கட்டுப்பாட்டை ராயல் டச்சு ஷெல் நிறுவனத்துக்குப் பியர்சன் விற்றுவிட்டார்.

அந்த எண்ணெய் வயல்களின் தொழிலாளர்கள் 1935-இல் ஒரே சங்கமாகத் திரண்டார்கள். 1937 மே மாதம் வேலைநிறுத்தம். சம்பளமும் வசதிகளும் உயர்த்தும்படி தொழிலாளர் வாரியம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எண்ணெய்க் கம்பெனிகள் பணிய மறுத்தன. 1938 மார்ச் 18-ஆம் நாள் அதிபர் லாசரோ கார்டெனாஸ் அந்தக் கம்பெனிகளை அரசுடைமையாக்கினார். கழுகும் அதில் அடக்கம்.

பியர்சன் நிறுவனம் தோவர் துறைமுகத்தில் கடற்படைக்காகக் கட்டியது, முதல் உலகப் போரில் ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னா வெடிமருந்து ஆலையை எழுப்பியது ஆகியவற்றை விரித்துச் சொல்ல நேரமில்லை. கடைசிப் பெரிய வேலையை மட்டும் சொல்லலாம். சூடானில் நீல நைல் நதியின் குறுக்கே சென்னார் அணை. முன்பு எடுத்த குத்தகையாளரால் முடியாமல் போனதை 1922-இல் பியர்சன் ஏற்று, 1925-இல் முடித்தது. ஏறக்குறைய இரண்டு மைல் நீளம். இதிலிருந்து பாய்ந்த நீரில் ஜெசீரா சமவெளியில் பருத்தி விளைந்து லங்காஷயர் ஆலைகளுக்குப் போயிற்று. அங்கே தோட்டக் கூலி முறை இல்லை. குடியானவர் பயிரிட்டு விளைச்சல் வருமானத்தில் நூற்றுக்கு 40 பங்கு பெறுவார். மீதியை அரசாங்கமும் மேலாண்மைக் கம்பெனியும் பிரித்துக்கொள்ளும்.

வைகவுண்ட் கௌட்ரே என்னும் பிரபுப் பட்டத்தோடு வீட்மன் பியர்சன் 1927 மே முதல் நாள் காலமானார். அதன் பின் குடும்பத்தார் கட்டுமானத் தொழிலை முடித்துக்கொண்டனர். ஆனால் கம்பெனி மறையவில்லை. மண்ணிலும் எண்ணெயிலும் ஈட்டிய பணம் ஏற்கெனவே வங்கியிலும் செய்தித்தாள்களிலும் போடப்பட்டிருந்தது. 1957-இல் 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்' நாளேடும், 1968-இல் லாங்மன் பதிப்பகமும், 1970-இல் பெங்குவின் பதிப்பகமும் பியர்சன் வசம் வந்தன. பிற்காலத்தில் நாளேட்டையும் பெங்குவினையும் விற்றுவிட்டு, பாடநூலும் தேர்வும் நடத்தும் கம்பெனியாக அது மாறியது. நம் பிள்ளைகளின் பள்ளிப் பைகளில் லாங்மன் என்றும் பியர்சன் என்றும் அச்சிட்ட ஆங்கில நூல்கள் இருந்ததைப் பெற்றோர் பார்த்திருப்பீர்கள். ஹட்சன் சுரங்க வாயிலில் இரும்பு உருளையை வைத்த அதே கம்பெனியின் பெயர்தான் அது.